டெக்சஸில் லைசென்ஸ் இல்லாமல் கைத்துப்பாக்கி: சரியா, தப்பா?

கரிசல்காடு: நேற்று மளிகைக் கடையில் பில் போடும் வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் இடுப்பில் துப்பாக்கி. ஆறு வயது மகளின் கண்ணுக்கு நேராக அதன் கைப்பிடி. 2021 செப்டம்பர் 1 முதல் இங்கே 21 வயதானவர் லைசென்ஸ் இல்லாமலே எடுத்துப் போகலாம். கார் ஓட்ட டெஸ்ட் உண்டு, இதற்கு ஒரு மணி நேரப் பயிற்சிகூட வேண்டாமா?

ஹூஸ்டன்வாசி: குழந்தை பயந்திருந்தால் வருத்தம்தான் அண்ணா. ஆனால் இது எல்லோருக்குமான அனுமதி இல்லை. பெருங்குற்றத்தில் தண்டனை பெற்றவருக்குக் கிடையாது. வெளியே தெரிந்தால் உறையில் இருக்க வேண்டும். பள்ளி, நீதிமன்றம், வாக்குச்சாவடிக்குள் கூடாது. விற்பனையில் 51 சதவீதமோ அதற்கு மேலோ மதுவில் வரும் பார்களின் வாசலில் சிவப்பு எழுத்தில் பெரிதாக 51 என்று போட்டிருக்கும். அதைத் தாண்டி உள்ளே கொண்டுபோனால் குற்றம். நான் ஷிப்ட் முடிந்து இரவு இரண்டு மணிக்குப் பெட்ரோல் பங்கில் தனியாக நிற்பவன். என் பாதுகாப்பை நான்தானே பார்க்க வேண்டும்?

கரிசல்காடு: இத்தனை விதி இருக்கிறது தம்பி, அதை யார் சொல்லிக்கொடுப்பது? லைசென்ஸ் வகுப்பு என்றால் 4 முதல் 6 மணி நேரம் உட்கார வேண்டும், சுட்டுக் காட்ட வேண்டும். இப்போது வாங்கிய அன்றே இடுப்பில் செருகிக்கொள்ளலாம்.

பிளேனோ மீனா: முக்கியமான ஒன்றை இரண்டு பேருமே விட்டுவிட்டீர்கள். எச்1பி விசாவில் இருப்பவர் துப்பாக்கியைக் கையில் வைத்திருப்பதே மத்தியச் சட்டப்படி குற்றம். செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள்தான் உண்டு. கிரீன் கார்டுக்காரருக்கு இந்தத் தடை இல்லை. 'டெக்சஸில் எதுவும் வேண்டாம்பா' என்று நண்பர் சொன்னதை நம்பி என் வீட்டுக்காரர் கடைக்கே கிளம்பிவிட்டார். விசாவே போயிருக்கும்!

அப்புறம் இன்னொன்று. பள்ளியைச் சுற்றி 1,000 அடிக்குள் தோட்டா போட்ட துப்பாக்கியோடு போவதையும் மத்தியச் சட்டம் தடுக்கிறது. மாநில லைசென்ஸ் உள்ளவருக்கு விலக்கு உண்டு. லைசென்ஸ் இல்லாதவர் காரில் வைத்துக்கொண்டு பள்ளி வழியாகப் போனாலே சிக்கல்தான்.

ஹூஸ்டன்வாசி: உண்மைதான் அக்கா. அதற்காகத்தான் நானே லைசென்ஸ் எடுத்தேன். வேறு பல மாநிலங்களிலும் அது செல்லும்.

கரிசல்காடு: நீங்கள் எடுத்ததை எல்லோரும் எடுக்கட்டும் என்றுதானே நானும் கேட்கிறேன்?

ஹூஸ்டன்வாசி: எனக்குச் சம்பளத்தோடு லீவு உண்டு அண்ணா. எங்கள் கட்டடத்தை இரவில் துடைக்கும் அம்மாவுக்கு அந்த வகுப்பு ஒரு நாள் கூலி. பஸ் ஸ்டாப்பில் தனியாக நிற்பதும் அவர்தான்.