கொழுப்பில் எடுத்த ஸ்டெம் செல்லைக் கண்ணில் போட்டால் பார்வை வருமா?

ராஜி_திருச்சி:
அம்மாவுக்கு 71 வயது. இரண்டு கண்ணிலும் மாக்குலா (விழித்திரையின் நடுப்பகுதி) கோளாறு. வயிற்றுக் கொழுப்பில் இருந்து ஸ்டெம் செல் (வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய செல்) எடுத்துக் கண்ணில் ஊசி போடும் ஒரு கிளினிக்குக்குப் போகலாம், ஜப்பான்காரருக்கு இதற்குத்தானே நோபல் கொடுத்தார்கள் என்று மாமா ஒற்றைக்காலில் நிற்கிறார். இரண்டும் ஒன்றா?

லேப்வாசி:
இல்லைங்க. மாமா சொல்லும் அந்த நோபல்காரர் யாமனாகா 2006இல் எலியின் செல்லிலும் 2007இல் மனிதத் தோல் செல்லிலும் நான்கு மரபணுக்களைப் புகுத்தி, கருவின் தொடக்க நிலைக்கே அவற்றைத் திருப்பினார். அதுதான் ஐபிஎஸ் செல், அதில் இருந்து நரம்பு, இதயம், விழித்திரை என்று எதை வேண்டுமானாலும் வளர்க்கலாம். கொழுப்புச் செல்லுக்கு அந்த வீச்சு கிடையாது. ஐபிஎஸ் செல்லை வளர்ப்பதும் லேசுப்பட்ட வேலை இல்லை, ஞாயிற்றுக்கிழமையும் வந்து வளர்ப்புத் திரவத்தை மாற்றுகிறோம், செல் கூட்டத்தின் ஓரம் கலைந்து தெரிந்தால் அது இஷ்டத்துக்கு வேறு செல்லாக மாறத் தொடங்கிவிட்டது, சுரண்டி எறிய வேண்டியதுதான். இதயச் செல்லாக்கினால் தட்டிலேயே துடிக்கும், புது மருந்து இதயத்தைக் கெடுக்குமா என்று அதில் பார்க்கலாம். என்னைக் கேட்டால் இப்போதைக்குப் பெரிய பயன் இந்தச் சோதனைதான், சிகிச்சை அப்புறம்.

கண்_மருத்துவ_மாணவன்:
மாமா சொல்லும் ஜப்பான் கதையில் மீதியும் இருக்கிறது. 2014இல் கோபேயில் தகாஹாஷி மசாயோ குழு, இதே மாக்குலா நோய் உள்ள, எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெண்ணின் சொந்தத் தோல் செல்லை ஐபிஎஸ் ஆக்கி, விழித்திரைக்கு அடியில் இருக்கும் நிறமிச் செல் படலமாக வளர்த்து ஒரு கண்ணில் மட்டும் வைத்தது. ஒரு வருடம் கழித்துப் பார்வை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இரண்டாவது நோயாளியின் செல்களில் மரபணு மாற்றம் தெரிந்ததால் அறுவையே நடக்கவில்லை. அந்த முடிவு 2017இல் வெளியான அதே மருத்துவ இதழில் இன்னொரு கட்டுரையும் வந்தது: அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் கொழுப்பு 'ஸ்டெம் செல்' ஊசியை இரண்டு கண்ணிலும் போட்டுக்கொண்ட மூன்று பெண்களின் பார்வை போனதைப் பற்றி. அம்மாவுக்கு ஈர வகையா (விழித்திரைக்கு அடியில் ரத்தக் குழாய் கசிவது), உலர் வகையா (கசிவு இல்லாதது)?

வக்கீல்_குமார்:
ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) வழிகாட்டுதலில் ஸ்டெம் செல்லைச் சிகிச்சையாக ஏற்றது ரத்த நோய்களுக்கான ரத்த ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சை போன்றவற்றுக்குத்தான். மற்றதெல்லாம் பதிவு செய்த ஆய்வாக நடக்க வேண்டும், அதற்கு நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது. கிளினிக்கில் ஆய்வின் பதிவு எண் கேளுங்கள்.

ராஜி_திருச்சி:
கேட்டேன், பில் மட்டும்தான் தருவார்களாம். ரிப்போர்ட்டில் ஈர வகை என்று இருக்கிறது. மாமா பேச்சைக் கேட்டு, கண் டாக்டர் வழக்கமாகப் போடும் இந்த மாத ஊசியைத் தள்ளிப்போட்டிருக்கிறோம்.

கண்_மருத்துவ_மாணவன்:
ஐயோ, ஈர வகைக்கு அந்த ஊசிதான் பார்வையைக் காப்பாற்றுவது. நாளைக்கே கூட்டிக்கொண்டு போங்கள் அக்கா, மாமாவிடம் அப்புறம் பேசலாம்.