டிஆர்-606 ஓடுகிறது, டிபி-303 அசையவில்லை: சிங்க் சிக்கலுக்கு உதவி தேவை

கேள்வி:
ரோலண்டின் தாளப்பெட்டி டிஆர்-606-இன் தாளத்துக்கு, அதே நிறுவனத்தின் பேஸ் சிந்தசைசர் டிபி-303-இன் பேஸ் வரி சேர்ந்து ஓட வேண்டும். இரண்டின் சிங்க் (வேகத்தை ஒத்திசைக்கும்) துளைகளையும் ஒரு மிடி கேபிளால் (மின்னிசைக் கருவிகளும் கணினியும் செய்தி பரிமாறப் பயன்படுவது) இணைத்தேன். 606 ஓடுகிறது, 303 கல்லாக நிற்கிறது. கேபிளைக் கழற்றினால் 303 தனியாக நன்றாகவே வாசிக்கிறது. உள்ளே ஏதேனும் பழுதாக இருக்குமோ?

பதில் 1:
606-இன் சிங்க் சுவிட்ச் வெளியே அனுப்பும் நிலையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 303 வாங்க மட்டுமே செய்யும், அனுப்பாது.

பதில் 2:
303-ஐத் திறக்காதீர்கள், கேபிளைச் சந்தேகியுங்கள். துளை ஒன்றுபோலத் தெரிந்தாலும் இது மிடி அல்ல. மிடி வந்ததே 1983-இல்தான், இந்தப் பெட்டிகள் அதற்கு முந்தையவை. ரோலண்டின் சிங்க் முறையில் 1-ஆம் பின் (கேபிள் முனையின் ஊசி) ஓடு, நில் என்று சொல்கிறது. 3-ஆம் பின் ஒரு பீட்டுக்கு 24 துடிப்புகள் அனுப்புகிறது. 2-ஆம் பின் கிரவுண்ட். மிடிக்கு 2, 4, 5 போதும் என்பதால் பல மிடி கேபிள்களில் 1, 3 இரண்டுக்கும் கம்பியே இருக்காது. மல்டிமீட்டரை வைத்து முனைக்கு முனை சோதியுங்கள். ஐந்து பின்னும் இணைந்த கேபிள் வேண்டும்.

கேட்டவர்:
சுவிட்ச் சரியாகவே இருந்தது. மீட்டரில் 1, 3 இரண்டும் செத்துக் கிடந்தன! ஐந்து கம்பிக் கேபிள் போட்டதும் 303 ஓடிவிட்டது. அடுத்து கணினியின் மிடியிலிருந்து ஓட்ட ஆசை. கம்பிகளை மாற்றிப் பற்றவைத்தால் போதுமா?

பதில் 2:
போதாது. மிடியில் வேகம் சொல்லும் கடிகாரச் சைகை வெறும் துடிப்பாக வருவதில்லை. நொடிக்கு 31,250 பிட் வேகத்தில் செய்தியாக வருகிறது. அதைப் படித்துத் துடிப்பாக்கித் தரும் மாற்றிப் பெட்டி தேவை. அங்கும் பீட்டுக்கு 24 என்பதால் கணக்கு இடிக்காது. ஆனால் சுரங்கள் கணினியிலிருந்து போகா. 303-க்குள் எழுதிய பேட்டர்ன் (சுர வரிசை) தான் ஒலிக்கும். என்னைக் கேட்டால் அந்தக் கட்டுப்பாடுதான் இந்தப் பெட்டிகளின் அழகு.

பதில் 3:
கோர்க் நிறுவனத்தின் பழைய தாளப்பெட்டி எதையாவது வேகம் தரும் தலைமையாக வைக்க நினைத்தால் கவனம். அவை பீட்டுக்கு 48 துடிப்புகள் அனுப்பும். 303 இரட்டை வேகத்தில் பறக்கும். நடுவே இரண்டால் வகுக்கும் சுற்று ஒன்று வைக்க வேண்டும்.