அபடக்‌ஷன் தெரிந்தவர்கள் கொஞ்சம் உதவுங்கள்

அண்ணாமார், அக்காமார், வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு படிக்கிறேன். வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டர் ஓடாவிட்டால், விதிகளை வைத்துக் காரணத்தை ஊகிக்கும் (அதுதான் அபடக்ஷன்) மென்பொருள்தான் என் புரொஜெக்ட்.

'இது நடந்தால் அது நடக்கும்' என்ற விதிகள் மட்டும் என்றால், விளக்கம் உண்டா என்று பார்ப்பது லேசு. எல்லா ஊகங்களையும் உண்மையென்று வைத்து ஓட்டினால் போதும். 'இவை இரண்டும் சேர்ந்து வராது' என்பதையும் சேர்த்தால் என்பி-முழுமை, அதாவது வேகமான பொது வழி எதுவும் தெரியாத கடினமான வகை. எந்த வாக்கியமும் வரலாம் என்றால் இன்னும் மோசம்: ஊகித்ததிலிருந்து கோளாறு உண்மையில் வருகிறதா என்று சரிபார்ப்பதே கோ-என்பி வேலை, அதாவது 'எதிர் உதாரணமே இல்லை' என்று காட்டும் கடினமான வேலை. இந்தப் பொது வகை, என்பிக்கு ஒரு படி மேலான சிக்மா-2 தளத்தில் முழுமை என்று ஐட்டர், கோட்லோப் என்ற ஆய்வாளர்கள் 1995இல் காட்டிவிட்டார்கள்.

நல்லவேளை, என் விதிகள் ஹார்ன் வகை, அதாவது மேலே சொன்ன முதல் இரண்டு மாதிரி விதிகள் மட்டும்தான். ஆனால் எனக்கு ஆகச் சிறிய விளக்கம் வேண்டும், அதனால் மேக்ஸ்சாட்டுக்கு (முடிந்தவரை அதிக நிபந்தனைகளை நிறைவேற்றும் விடையைத் தேடும் முறை) மாற்றப் பார்க்கிறேன். சிக்கல் சுழற்சியில்தான். வோல்டேஜ் குறைந்தால் மோட்டர் கூடக் கரண்ட் இழுக்கும், கூட இழுத்தால் வோல்டேஜ் குறையும். காரணமே இல்லாமல் இரண்டும் ஒன்றையொன்று தாங்கி நின்றுவிடுகின்றன!

ஒவ்வொரு அணுவுக்கும் ('வோல்டேஜ் குறைவு' போன்ற தனிக் கூற்று) வரிசை எண் கொடுத்து இதைத் தடுக்கலாமா, அல்லது விதிகளை நேராக எழுதித் தீர்வு தேடும் கிளிங்கோ மென்பொருளுக்கே மாறுவதா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். சின்ன உதாரணக் கோட் இருந்தால் இன்னும் நல்லது.