பழைய ஸ்போர்ட்ஸ் காரை ஐந்து மாதக் குளிர்காலத்துக்கு நிறுத்தி வைப்பது: வாரம் ஒருமுறை என்ஜினை ஓட விட வேண்டுமா?

பச்சை ரோட்ஸ்டர்:

வணக்கம். என்னிடம் 1972ஆம் ஆண்டின் எம்ஜிபி ரோட்ஸ்டர் (மடக்குக் கூரை கொண்ட பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) ஒன்று இருக்கிறது. சென்ற கோடையில்தான் வாங்கினேன் என்பதால், அதை வைத்துக்கொண்டு நான் கடக்கப்போகும் முதல் குளிர்காலம் இது. சாலைகளில் உப்புத் தூவத் தொடங்கும் முன்பே, வீட்டை ஒட்டியுள்ள, சூடேற்றும் வசதியில்லாத கேரேஜில் அதை நிறுத்திவிட்டு, ஏறத்தாழ ஐந்து மாதங்கள் கழித்தே வெளியே எடுக்க எண்ணியுள்ளேன். வாரம் ஒருமுறை பத்து நிமிடம் என்ஜினை ஓட விட்டால் போதும் என்று காரை விற்றவர் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரரோ பெட்ரோல் டேங்கை முழுவதும் காலி செய்துவிட்டு, காரைக் காற்றுப் புகாதபடி பிளாஸ்டிக் தாளால் சுற்றிவிடச் சொல்கிறார். இருவரில் யார் சொல்வதைக் கேட்பது? கேரேஜின் சிமென்ட் தரை மழை நாட்களில் ஓரங்களில் ஈரம் ஏறிக் கறுத்துத் தெரியும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஓட்டைச் சைலன்சர்:

விற்றவர் சொன்னதைத்தான் என் முதல் காரில் நானும் மூன்று குளிர்காலங்கள் தவறாமல் செய்தேன். மூன்றாம் ஆண்டின் முடிவில் சைலன்சரின் அடிப்பகுதியை விரலால் அழுத்திப் பார்த்தபோது விரல் உள்ளே போய்விட்டது. என் பெயர் அப்படி வந்ததுதான். ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் ஓடிய கார் அந்த ஆவியைத் தன் சூட்டிலேயே வெளியே தள்ளிவிடும். நின்ற இடத்தில் பத்து நிமிடம் உறுமும் காரிலோ, அது குளிர்ந்த குழாய்க்குள் நீராகப் படிவதோடு, ஒரு பகுதி பிஸ்டன் ரிங்குகளைக் கடந்து ஆயிலிலும் கலந்துவிடுகிறது. குளிர்ந்த என்ஜினுக்குப் பெட்ரோல் கலவையைச் செறிவாக்கும் சோக்கை இழுத்து வைத்து ஓட்டுவதால் எரியாத பெட்ரோலும் சிலிண்டர் சுவரில் உள்ள ஆயில் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும். வெப்பத்தைக் காட்டும் முள் நடுவுக்கு வந்துவிட்டதே என்று நினைக்க வேண்டாம். அது காட்டுவது கூலன்டின், அதாவது என்ஜினைக் குளிர்விக்கும் திரவத்தின் சூட்டை, ஆயிலின் சூட்டை அல்ல. இதற்கெல்லாம் மேலாக, வீட்டை ஒட்டிய கேரேஜில் என்ஜினை ஓட விட்டால் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு வீட்டுக்குள் நுழைய அதிக நேரம் ஆகாது.

ஆகவே, நிறுத்தும் நாளில் காரை நன்றாகச் சூடேறும்வரை ஓட்டி, அந்தச் சூட்டிலேயே ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, புதிய ஆயில் எங்கும் பரவ ஓரிரு நிமிடம் ஓட விட்டு நிறுத்துங்கள். பலர் ஆயில் மாற்றுவதை வசந்தகாலத்துக்கு ஒத்திப்போடுகிறார்கள். பழைய ஆயிலில் சேர்ந்திருக்கும் அமிலமும் ஈரமும் ஐந்து மாதங்கள் பேரிங்குகளோடு குடித்தனம் நடத்தட்டும் என்று விடுவதில் எனக்கு உடன்பாடில்லை. அதற்குப் பிறகு சாவியைத் தொடாதீர்கள்.

ஈரக் கேரேஜ்:

என்ஜினைப் பற்றி மேலே சொன்னதை அப்படியே ஏற்கிறேன். உங்கள் கேள்வியின் கடைசி வரிதான் என்னைக் கவலைப்பட வைக்கிறது. காரைக் கெடுப்பது குளிர் அல்ல, ஈரம். ஈரம் ஏறும் தரையின் மீது காரை நிறுத்தி, மேலே பிளாஸ்டிக்கைச் சுற்றினால், தரையிலிருந்து எழும் ஆவி உள்ளே சிறைப்பட்டு இரவுதோறும் குளிர்ந்த உலோகத்தின் மீது வியர்வையாகப் படியும். பிளாஸ்டிக் தாளைத் தரையில் விரித்து அதன் மேல் காரை நிறுத்துங்கள். காருக்கு மேலே காற்றோட்டமுள்ள துணி உறையைப் போடுங்கள். உறை போடும் முன் அடிப்பகுதியும் சக்கர வளைவுகளும் உட்படக் காரைக் கழுவி, முற்றிலும் உலர்த்த வேண்டும், ஏனெனில் தூசி மீது போட்ட உறை உப்புத்தாள்போலப் பெயின்ட்டைத் தேய்க்கும். மடக்குக் கூரையை மடக்காமல் விரித்தே வையுங்கள். குளிரில் மடிந்து கிடந்த வினைல் மடிப்பிலேயே வெடிக்கும்.

காற்றின் ஒப்பு ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினால் துரு விரைவாகப் பிடிக்கும். ஆகவே ஓர் ஈரமானியை வாங்கி மாட்டிவிட்டு, தேவைப்பட்டால் ஈரம் உறிஞ்சும் கருவி வையுங்கள். குளிர்ந்த கேரேஜில் கம்ப்ரஸர் வகைக் கருவியின் சுருளில் பனி உறைந்துவிடும் என்பதால், ஈரம் ஈர்க்கும் உப்பு அல்லது சிலிக்கா வகையே அங்கே உதவும்.

டேங்கைக் காலி செய்வது எனக்குச் சரியாகப்படவில்லை. வெற்று டேங்கின் உட்சுவர் முழுவதும் ஈரக் காற்றுக்குத் திறந்து கிடக்கும். இயன்றவரை எத்தனால் குறைந்த பெட்ரோலால் நிரப்பி, பெட்ரோல் கெடாமல் காக்கும் திரவத்தைக் கலந்து, அது கார்புரேட்டர்வரை சென்று சேரச் சில கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நிறுத்துங்கள்.

பச்சை ரோட்ஸ்டர்:

இருவருக்கும் மிக்க நன்றி. பிளாஸ்டிக் தாள் ஏற்கெனவே வாங்கிவிட்டேன். தரைக்கு ஆகும் என்று அறிந்து ஆறுதலாக இருக்கிறது. பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோக வேண்டுமா? ஹேண்ட் பிரேக்கைப் போட்டே வைக்கலாமா?

பழைய ஸ்பேனர்:

ஹேண்ட் பிரேக்கைப் போட்டு வைத்தால் பின் பிரேக் ஷூக்கள் டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். அதை விடுவித்து, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். டயர்களில் வழக்கத்தைவிட ஏறத்தாழ 10 பிஎஸ்ஐ காற்றைக் கூட்டிவிட்டால், ஒரே இடத்தில் அழுந்தித் தட்டையாவது குறையும்.

உங்கள் கார் 1972ஆம் ஆண்டினது என்பதால், இருக்கைகளுக்குப் பின்னால் தரைத்தகட்டின் கீழே இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள் தொடராக இணைக்கப்பட்டிருக்கும், யாரும் ஒன்றாக மாற்றியிருக்காவிட்டால். கண்ணில் படாத இடம் என்பதால் பலர் அவற்றை மறந்தே போகிறார்கள். முழுமையாக ஏற்றப்பட்ட நிலையில் இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 12.7 வோல்ட் காட்ட வேண்டும். அந்நிலையில் கடுங்குளிரிலும் அவை உறையாது. தீர்ந்துபோன பேட்டரியோ பூச்சியத்துக்குச் சில பாகை கீழேயே உறைந்து வெடிக்கும். தானாக நின்று இயங்கும் சார்ஜரில் இணைத்துக் காரிலேயே விடலாம். நானாக இருந்தால் கழற்றி எடுப்பேன், ஏனெனில் அப்போதுதான் அவை அமரும் கூடுகள் துருப்பிடித்திருப்பது தெரியவரும்.

கூலன்டையும் சோதியுங்கள்: ஆன்டிஃபிரீஸும் (உறையாமல் காக்கும் திரவம்) தண்ணீரும் பாதிக்குப் பாதி இருந்தால் ஏறத்தாழ -36 பாகைவரை தாங்கும். வெறும் தண்ணீர் உறைந்தால் வார்ப்பிரும்பு பிளாக்கே பிளந்துவிடும். சைலன்சர் வாயிலும் ஏர் ஃபில்டரின் மூக்கிலும் எஃகுக் கம்பளியைத் திணித்து எலிகளைத் தடுத்துவிட்டு, அதை நினைவூட்டும் சீட்டு ஒன்றை ஸ்டீயரிங்கில் கட்டுங்கள். ஒருமுறை கட்ட மறந்துவிட்டு, கார் ஏன் கிளம்பவில்லை என்று அரை நாள் கார்புரேட்டரைக் குடைந்தவன் நான்.

வசந்தகாலத்தில், என்ஜின் கிளம்பிவிடாதபடி காயில் ஒயரை (தீப்பொறிக்கு மின்சாரம் தரும் ஒயர்) கழற்றிவிட்டு, ஆயில் அழுத்த முள் எழும்வரை ஸ்டார்ட்டரால் என்ஜினைச் சுழற்றுங்கள். பிறகே ஒயரை மாட்டிக் கிளப்ப வேண்டும். சாவியைத் திருப்பியும் பின்பக்கத்திலிருந்து பெட்ரோல் பம்ப்பின் டிக் டிக் ஓசை வரவில்லையென்றால் பதற வேண்டாம். அதன் தொடர்புமுனைகள் ஒட்டிக்கொண்டிருக்கும்; ஸ்பேனரின் பிடியால் மெதுவாக ஒரு தட்டுத் தட்டினால் பெரும்பாலும் விழித்துக்கொள்ளும்.