சர்வர் ஏறும் முன்னாடியே டெஸ்ட் ஓடிடுது: மேவன் பில்டில் ஜெட்டி

ராத்திரி_ஷிப்ட்:
மக்களே, ரெண்டு நாளா மண்டை காயுது. ஆறு மாட்யூல் உள்ள மேவன் (ஜாவா பில்ட் டூல்) ப்ராஜெக்ட். அதுல ஒண்ணு ரெஸ்ட் ஏபிஐ, வார் ஃபைலா (ஜாவா வெப் ஆப் பொட்டலம்) பேக் ஆகும். அந்த ஏபிஐயை நேரா கூப்பிட்டுப் பார்க்க 14 டெஸ்ட் எழுதியிருக்கேன். க்ளாஸ் பேரு ஆர்டர்ஏபிஐடெஸ்ட். டாம்கேட் சர்வரைக் கையால ஏத்திட்டு ஐடிஇல (கோட் எழுதுற எடிட்டர்) ஓட்டினா எல்லாம் பச்சை. மேவன் இன்ஸ்டால் அடிச்சா 14-உம் 'கனெக்‌ஷன் ரெஃபியூஸ்ட்'. சரின்னு ஜெட்டி (பில்டுக்குள்ளயே ஏத்தக்கூடிய குட்டி ஜாவா சர்வர்) ப்ளகின் போட்டு, அதோட ஸ்டார்ட் கோலை (கோல்னா ப்ளகின் செய்யுற ஒரு வேலை) ப்ரீ-இன்டெக்ரேஷன்-டெஸ்ட் கட்டத்துல கட்டினேன். அப்பவும் அதே அழுகை. ஸ்லீப் 30 கூட வச்சுப் பார்த்துட்டேன்.

எறும்பு_காலத்தவன்:
ஸ்லீப்பை முதல்ல எடுங்க தம்பி. லாக்ல டெஸ்ட் விழுறதுக்கு முன்னாடி 'ஸ்டார்டட் ஜெட்டி'ன்னு ஏதாவது வரி வருதா?

ராத்திரி_ஷிப்ட்:
தேடிப் பார்த்தேன்ணா. ஜெட்டிங்கிற பேரே லாக்ல இல்ல.

எறும்பு_காலத்தவன்:
அப்ப வியாதி பேர்லதான் இருக்கு. டெஸ்ட்-னு முடியுற க்ளாஸை ஷ்யூர்ஃபயர் (யூனிட் டெஸ்ட் ஓட்டுற மேவன் ப்ளகின்) எடுத்துக்கும். அது ஓடுறது டெஸ்ட் கட்டத்துல. அதுக்கு அப்புறம்தான் பேக்கேஜ், அதுக்கும் அப்புறம்தான் ப்ரீ-இன்டெக்ரேஷன்-டெஸ்ட். டெஸ்ட் விழுந்ததும் பில்ட் அங்கேயே நின்னுடுது, உங்க ஜெட்டிக்கு முறையே வரல. க்ளாஸ் பேரை ஆர்டர்ஏபிஐஐடின்னு மாத்துங்க. ஐடின்னு (இன்டெக்ரேஷன் டெஸ்ட்) முடிஞ்சா ஷ்யூர்ஃபயர் தொடாது, ஜெட்டி ஏறின அப்புறம் இன்டெக்ரேஷன்-டெஸ்ட் கட்டத்துல ஃபெயில்சேஃப் ப்ளகின் எடுக்கும். ஜெட்டில 'ரன்' கோல் போட்டுடாதீங்க, பில்ட் அங்கேயே உட்கார்ந்துடும். 'ஸ்டார்ட்' போட்டது சரி. 'ஸ்டாப்'பை போஸ்ட்-இன்டெக்ரேஷன்-டெஸ்ட்ல கட்டுங்க. ஸ்டாப் போர்ட் ('நிறுத்து'ன்னு சொல்றதைக் கேக்குற போர்ட்), ஸ்டாப் கீ (அதுக்கான ரகசியச் சொல்) ரெண்டையும் குடுக்கணும்.

ராத்திரி_ஷிப்ட்:
அண்ணா, வந்துருச்சு!!! பில்ட் சக்ஸஸ். ஒரே ஷாட்ல. டீ வாங்கித் தர்றேன்.

பாம்_பயம்:
டீ குடிக்கிறதுக்கு முன்னாடி லாக்கை ஒரு தடவை மேல ஸ்க்ரோல் பண்ணுங்க ப்ரோ. நானும் இதே குழியில விழுந்தவன். ஃபெயில்சேஃப்ல எத்தனை கோல் போட்டிருக்கீங்க?

ராத்திரி_ஷிப்ட்:
இன்டெக்ரேஷன்-டெஸ்ட் ஒண்ணுதான். ... ஐயோ. 'டெஸ்ட்ஸ் ரன்: 14, ஃபெயிலியர்ஸ்: 2'. அதுக்குக் கீழயே பில்ட் சக்ஸஸ்!

பாம்_பயம்:
அதேதான். அந்தக் கோல் டெஸ்ட்டை ஓட்டும், ஆனா தோத்தா பில்டை நிறுத்தாது. வேணும்னே அப்படி வச்சிருக்காங்க: நடுவுல நிறுத்தினா சர்வரை இறக்குற கட்டம் ஓடாது. முடிவை டார்கெட்ல ஃபெயில்சேஃப் ரிப்போர்ட்ஸ் ஃபோல்டர்ல ஒரு சம்மரி எக்ஸ்எம்எல்லா எழுதி வச்சுட்டுப் போயிடும். அதைப் படிச்சு பில்டை உடைக்கிறது 'வெரிஃபை' கோலோட வேலை. ரெண்டு கோலையும் போடுங்க, கமாண்ட்லயும் வெரிஃபை வரைக்கும் போங்க. எங்க டீம்ல இது இல்லாம நாலு மாசம் பச்சையாவே ஓடிச்சு. எத்தனை டெஸ்ட் செத்துக் கிடந்துச்சுன்னு கேக்காதீங்க.

ராத்திரி_ஷிப்ட்:
போட்டேன், இப்ப ஒழுங்கா உடையுது. (உடையுறதுக்கு இவ்வளவு சந்தோஷப்பட்டது இதான் முதல் தடவை.) அந்த 2-ம் நிஜத் தப்புதான். ஜெட்டி ப்ளகின் கான்டெக்ஸ்ட் பாத்தை (யூஆர்எல்ல ஆப் தொடங்குற இடம்) வெறும் '/'ல வைக்குது. டாம்கேட்ல வார் பேரே பாத்தா இருந்துச்சு, அதை ரெண்டு டெஸ்ட்ல மட்டும் கையால எழுதி வச்சிருந்தேன். மத்த 12-ம் பேஸ் யூஆர்எல்லை ஒரே இடத்துல இருந்து எடுக்குது.

லோக்கல்ல இப்ப எல்லாம் சரி. ஆனா ஜென்கின்ஸ்ல (பில்டைத் தானா ஓட்டுற சர்வர்) 'அட்ரஸ் ஆல்ரெடி இன் யூஸ்'. முந்தின பில்டோட ஜெட்டி சாகாம கிடக்குதோ?

எறும்பு_காலத்தவன்:
எந்த போர்ட்?

ராத்திரி_ஷிப்ட்:
8080.

எறும்பு_காலத்தவன்:
தம்பி... அந்த மெஷின்ல 8080-ல ஜென்கின்ஸே உட்கார்ந்திருக்கும். அதோட டிஃபால்ட் போர்ட்டே அதுதான் :)

பாம்_பயம்:
😂 வேற நம்பர் போட்டாலும் ரெண்டு ப்ராஞ்ச் ஒரே நேரத்துல பில்ட் ஆனா மறுபடி முட்டிக்கும். பில்ட்-ஹெல்பர் ப்ளகின்ல ரிசர்வ்-நெட்வொர்க்-போர்ட்னு ஒரு கோல் இருக்கு, காலியா இருக்கிற போர்ட்டைத் தேடி நீங்க சொல்ற ப்ராப்பர்ட்டில போடும். அதை ஜெட்டியோட ஹெச்டிடிபி கனெக்டருக்கும் குடுங்க, ஃபெயில்சேஃப்ல சிஸ்டம் ப்ராப்பர்ட்டியாவும் குடுங்க. டெஸ்ட் அங்கிருந்து படிச்சுக்கட்டும். ஒரே கட்டத்துல கட்டினா பாம் ஃபைல்ல (மேவன் ப்ராஜெக்டோட செட்டிங் ஃபைல்) ஜெட்டிக்கு மேல எழுதணும், எழுதின வரிசையிலதான் ஓடும்.

ராத்திரி_ஷிப்ட்:
ஜென்கின்ஸும் பச்சை. இந்தத் தடவை ஸ்க்ரோல் பண்ணிப் பார்த்துட்டேன்: 14, 0. ஒரே ஒரு கேள்வி, அவசரத்துக்கு இந்த 14-ஐ மட்டும் விட்டுட்டு பில்ட் பண்ண வழி உண்டா? ஸ்கிப்டெஸ்ட்ஸ் போட்டா யூனிட் டெஸ்ட்டும் போயிடுது.

எறும்பு_காலத்தவன்:
ஸ்கிப்ஐடீஸ். அது ஃபெயில்சேஃபை மட்டும் விடும். ஆனா ஜெட்டி சும்மா ஒரு தடவை ஏறி இறங்கும், அதுக்கும் தனியா ஸ்கிப் போடணும். ஜென்கின்ஸ் ஜாப்ல மட்டும் அதை எழுதி வச்சுடாதீங்க.