புதுப்பிப்பு: முன் சக்கர பேரிங் சத்தம், ஹப்பைப் பிரித்தாயிற்று

என் ஃபோர் வீல் டிரைவ் வண்டியின் முன் இடது சக்கரத்தில் உறுமல் வருகிறது, ஜாக்கியில் தூக்கி மேலும் கீழும் அசைத்தால் ஆட்டம் தெரிகிறது என்று எழுதியிருந்தேன். ஹப்பை, அதாவது சக்கரம் மாட்டும் நடுப்பகுதியை, பிரித்துப் பார்த்துவிட்டேன்.

அதற்குள் சக்கரம் இலகுவாகச் சுழல உருளைகள் கொண்ட இரண்டு பேரிங்குகள் உண்டு. வெளி பேரிங் நன்றாக இருந்தது. உள் பேரிங்கின் உருளைகளில் நீலம் பாய்ந்திருந்தது. கடுமையாகச் சூடேறியதன் அடையாளம். கிரீஸும் எண்ணெய் கலந்து கூழாகியிருந்தது. ஆக்சில் ஆயில் சீல் (அச்சைச் சுற்றி எண்ணெய் கசியாமல் தடுக்கும் வளையம்) தேய்ந்து, டிஃபரன்ஷியல் (இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துத் தரும் பல்சக்கரத் தொகுதி) ஆயில் ஹப்புக்குள் இறங்கியிருக்கிறது. சீலை மாற்றாமல் பேரிங் மட்டும் போட்டால் புதியதுக்கும் இதே கதிதான்.

பேரிங்கை ரேஸோடு (உருளைகள் ஓடும் வளையம்) ஜோடியாக மாற்றுங்கள். பழைய ரேஸில் புது உருளை ஓடினால் சீக்கிரம் தேயும். கழுவிய பேரிங்கைக் காற்றடித்து உலர்த்தும்போது சுழலவிடாதீர்கள், உருளைகள் தெறிக்கலாம்.

பேரிங்கை அழுத்திப் பிடிக்கும் நட்டை இறுக்குவதுதான் பொறுமை கேட்கும் வேலை. ஹப்பைச் சுழற்றிக்கொண்டே இறுக்கி, தளர்த்தி, மறுபடி சர்வீஸ் மேனுவல் சொல்லும் அளவுக்கு இறுக்கினேன். அப்புறம் இறுக்கம் சரியா என்று பார்க்க, சுருள்வில் தராசை வீல் போல்ட்டில் மாட்டி இழுத்தேன்; ஹப் சுழலத் தொடங்கும் விசை வரம்புக்குள் இருந்தது. நட்டு தளராமல் பிடிக்கும் லாக் வாஷரை மடித்து மூடினேன்.

சத்தம் சுத்தமாக நின்றுவிட்டது. அடுத்து வலது பக்கம், அங்கேயும் முதலில் சீலைத்தான் பார்ப்பேன்.