வெய்ல்டு பச்சோந்தி: கண் குழிவிழுந்து கிடக்கிறது, தண்ணீர் குடிப்பதில்லை. உதவி தேவை (கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்)

பனங்காட்டுக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் ஒரு வெய்ல்டு பச்சோந்தி இருக்கிறது. வயது எட்டு, ஒன்பது மாதம் இருக்கும். ஆண் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். வெளிநாட்டு உயிரினங்களைப் பதிவு செய்கிற மத்திய அரசின் பரிவேஷ் தளத்தில் பதிவு செய்தாயிற்று, அதனால் அந்தக் கேள்வி வேண்டாம்.

கொஞ்ச நாளாக இரண்டு கண்ணும் உள்ளே போய்விட்டன. பட்டப்பகலில் கண்ணை மூடிக்கொள்கிறது. நாக்கை நீட்டுகிறது, ஆனால் பூச்சி வரைக்கும் எட்டுவதில்லை, பாதியில் தொங்கிவிடுகிறது. எச்சத்தில் வெள்ளையாக இருக்க வேண்டிய பகுதி முழுக்க ஆரஞ்சாக, காய்ந்து கட்டியாக வருகிறது. எப்போதும் மேல்கிளையில் இருப்பது இப்போது கீழேயே சுற்றுகிறது.

கூண்டு நான்கு பக்கமும் கம்பிவலை. கீழே கிண்ணத்தில் தண்ணீர் வைத்திருக்கிறேன். காலையும் மாலையும் சலூன் ஸ்பிரேயரால் அடிக்கிறேன். தை பிறந்ததிலிருந்து இங்கே அடிக்கிற கீழ்க்காற்று உங்களுக்குத் தெரியும், துவைத்த துணி அரை மணியில் காய்கிறது. ஓஆர்எஸ் வாங்கி சிரிஞ்சில் வாய்க்குள் விடலாமா? அவசரம்.

மீன்தொட்டி மாமா

தம்பி, பயப்படாதே. வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு இருபது நிமிடம் உட்காரவை. ஆமை, இக்வானா எல்லாவற்றுக்கும் நாங்கள் அதைத்தான் செய்வோம். கூடவே இளநீர் நாலு சொட்டு கொடு, தெம்பு வந்துவிடும்.

பொள்ளாச்சி பச்சைக்கூண்டு

மாமா, கோபித்துக்கொள்ளாதீர்கள், இரண்டுமே பச்சோந்திக்கு ஆகாது. இது மரத்திலேயே வாழும் உயிர். தண்ணீரில் உட்காரவைத்தால் மிரண்டு போகும். தோல் வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கப்போவதும் இல்லை. இளநீரில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகம் ஏற்கனவே திணறிக்கொண்டிருந்தால் அதுவே வினையாகிவிடும்.

தம்பி, சிரிஞ்சை வாய்க்குள் விட்டு அழுத்தாதே. பச்சோந்திக்கு மூச்சுக்குழல் வாய் நாக்குக்கு அருகிலேயே இருக்கிறது. தெம்பில்லாத உயிர் விழுங்க முடியாமல் திணறினால் தண்ணீர் நுரையீரலுக்குள் போய்விடும். நாக்கு எட்டாமல் போவதும், வாயில் எச்சில் நூல்நூலாகக் கெட்டிப்படுவதும் நீர் வற்றியதன் அடையாளம். கண் உள்ளே போவதும் அப்படித்தான். அந்த ஆரஞ்சுக் கட்டி யூரேட், அதாவது நமக்கு மூத்திரம் எப்படியோ அதற்கு அது. நுனியில் கொஞ்சம் மஞ்சள் இருந்தால் போகட்டும் என்று விடலாம். முழுக்க ஆரஞ்சு என்றால் வற்றிப்போய் நாளாகிவிட்டது என்று அர்த்தம்.

கிண்ணத்தை எடுத்துவிடு. அசையாமல் நிற்கும் தண்ணீர் பெரும்பாலான பச்சோந்தி கண்ணில் படாது. வெய்ல்டு யேமன், சவூதிப் பக்கத்து உயிர். இலையில் தொங்கும் பனித்துளி, மழைத்துளி, இதைத்தான் நக்கிக் குடிக்கும். ஸ்பிரேயரால் பத்து முறை அழுத்திவிட்டு வந்துவிட்டால் அது குடித்ததாகக் கணக்கில்லை. முதல் இரண்டு மூன்று நிமிடம் கண்ணை உருட்டி உருட்டிக் கழுவிக்கொண்டிருக்கும். அதற்கப்புறம்தான் தாடையை ஆட்டிக் குடிக்கத் தொடங்கும். அதற்குள் நீ ஸ்பிரேயரைக் கீழே வைத்திருப்பாய்.

மருந்துக்கடையில் குளுக்கோஸ் ஏற்றுகிற டியூப், அதுதான் ஐவி செட், ஒன்று வாங்கு. ஒரு சுத்தமான பாட்டிலில் செருகி கூண்டின் மேல் தொங்கவிட்டு, சக்கரத்தைத் திருகி, அகலமான இலை ஒன்றின்மேல் சொட்டுச்சொட்டாக விழும்படி வை. காலையில் ஓரிரு மணி நேரம் சொட்டட்டும். கீழே ஒரு வாளி வைக்காவிட்டால் வீட்டில் திட்டு விழும்.

டாக்டரக்கா (கால்நடை)

பச்சைக்கூண்டு சொன்னது சரி. தம்பி, சிலவற்றைக் கேட்க வேண்டும்.

எந்த விளக்கு போட்டிருக்கிறாய்? விளக்குக்கு நேர் கீழே கிளையில் எத்தனை டிகிரி? யூவிபி குழல், அதாவது புற ஊதாக்கதிர் விளக்கு, இருக்கிறதா? கால்சியம் பொடி தூவுகிறாயா? மூட்டுகளில், குறிப்பாக முன்கால் மணிக்கட்டில், வீக்கம் தெரிகிறதா? வாயைத் திறந்து மூச்சு விடுகிறதா, மூக்கில் குமிழ் வருகிறதா? கடைசியாக எப்போது எச்சம் போட்டது? வயிறு எப்படி இருக்கிறது, தட்டையா, உருண்டையா?

அப்புறம் பின்கால் குதிகாலை அருகில் வைத்து ஒரு படம் எடுத்துப் போடு.

பனங்காட்டுக்காரன்

அக்கா, 100 வாட் பல்பு. கிளையில் 37 காட்டுகிறது, மதியம் அதற்கு மேலேயும் போகும். யூவிபி குழல் இருக்கிறது, வாங்கி ஒரு வருஷம் ஆகப்போகிறது. கால்சியம் தூவுகிறேன். மூட்டு வீக்கம் இல்லை, மூக்கு சுத்தமாக இருக்கிறது. எச்சம் நான்கு நாளாக இல்லை.

வயிறுதான் புரியவில்லை. சாப்பிடாமல் இருக்கிறது, ஆனால் பக்கவாட்டில் புடைத்து, மேடுமேடாக இருக்கிறது. மலச்சிக்கல் என்று நினைத்தேன். கீழே உள்ள செடித்தொட்டி மண்ணை வேறு பறண்டுகிறது. படம் இணைத்திருக்கிறேன்.

டாக்டரக்கா (கால்நடை)

படத்தைப் பெரிதாக்கிப் பார். வெய்ல்டு ஆணுக்குப் பின்கால் குதிகாலுக்குப் பின்னால் சதை முள் மாதிரி ஒரு சிறு முனை துருத்திக்கொண்டிருக்கும். முட்டையிலிருந்து வெளிவரும்போதே அது இருக்கும். உன் படத்தில் குதிகால் வழுவழுவென்று இருக்கிறது. இது பெண். வயிற்றில் மேடுமேடாகத் தெரிவது முட்டையாகத்தான் இருக்க வேண்டும்.

ஆணே பார்க்காமல் வளர்ந்தாலும் வெய்ல்டு பெண் முட்டை வைக்கும், கோழி மாதிரி. ஆறு மாதத்திலேயே தொடங்குவதும் உண்டு. முட்டைகளை உருவாக்கத் தண்ணீரும் கால்சியமும் போய்விடுகின்றன. அதனால்தான் கண் இவ்வளவு உள்ளே போயிருக்கிறது. மண்ணைப் பறண்டுவது முட்டை வைக்க இடம் தேடி. இடம் கிடைக்காவிட்டால் முட்டையை உள்ளேயே அடக்கிவைத்துக்கொள்ளும். உடம்பில் நீர் இல்லாவிட்டால் தள்ளவும் முடியாது. இரண்டும் சேர்ந்தால் உயிருக்கு ஆபத்து.

இன்றே செய்ய வேண்டியது: குறைந்தது ஒரு அடி ஆழமுள்ள வாளி அல்லது தொட்டி எடு. கழுவிய ஆற்றுமணலும் தோட்டமண்ணும் கலந்து நிரப்பு. ஈரம் எவ்வளவு என்றால், கையில் பிடித்தால் உதிராமல் நிற்க வேண்டும், பிழிந்தால் தண்ணீர் ஒழுகக்கூடாது. சுரங்கம் தோண்டும்போது மண் சரியக்கூடாது, அதுதான் கணக்கு. அதைக் கூண்டுக்குள் வைத்து, வெளியே மூன்று பக்கமும் துணி போட்டு மறை. யாரும் எட்டிப் பார்க்கக்கூடாது. பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் பாதிக் குழியிலேயே விட்டுவிடும்.

பல்பை மாற்று. பெண்ணுக்கு 27 முதல் 29 டிகிரி போதும். கண்ணை மூடியபடியே கிடந்து குழியும் தோண்டவில்லை என்றால் ஒரு நாளுக்கு மேல் காத்திருக்காதே. எக்ஸ்ரே எடுக்க வேண்டும், தோலுக்கடியில் திரவம் ஏற்ற வேண்டும். அவை வீட்டில் செய்கிற காரியம் இல்லை. யாராவது ஆண்டிபயாடிக் ஊசி போடலாம் என்றால், முதலில் திரவம் ஏற்றியாயிற்றா என்று கேள். நீர் வற்றிய ஊர்வனத்துக்கு ஜென்டாமைசின் போன்றவை சிறுநீரகத்தைப் பதம் பார்த்துவிடும்.

வேலந்தாவளம் வடக்கு

இழையைத் திசைதிருப்புகிறேன், மன்னிக்கவும். எங்கள் தோட்ட வேலியில் நம்மூர்ப் பச்சோந்தி ஒன்று சோர்ந்து கிடக்கிறது. அதற்கும் இப்படிக் கூண்டும் டியூபும் போட்டுத் தேற்றி வளர்க்கலாமா? குழந்தைகளுக்கு ரொம்ப ஆசை.

பொள்ளாச்சி பச்சைக்கூண்டு

வேண்டாம் அண்ணா. நம்மூர்ப் பச்சோந்தி 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறது. பிடிப்பது, வீட்டில் வைப்பது இரண்டும் குற்றம், கேரளப் பக்கமானாலும் தமிழ்நாட்டுப் பக்கமானாலும். பதிவு செய்கிற பேச்சு வெளிநாட்டு இனத்துக்கு மட்டும்தான். நாய், காக்கை அண்டாத நிழல் செடி ஒன்றில் ஏற்றிவிட்டு, அந்த இலைகளின்மேல் பூவாளியால் மழை மாதிரிக் கொஞ்ச நேரம் தெளியுங்கள். பெரும்பாலும் குடித்துவிட்டு நகர்ந்துவிடும். காயம் இருந்தால் வனத்துறை ரேஞ்ச் ஆபீசுக்குச் சொல்லுங்கள். குழந்தைகள் தூரத்தில் நின்று பார்க்கட்டும், அதுவே நல்ல வேடிக்கை.

பனங்காட்டுத் தம்பிக்கு இன்னொன்று. உங்கள் சித்தூர்ப் பக்கத்து போர்வெல் தண்ணீர் கடுமையான உப்பு. தண்ணீரைப் பனி மாதிரித் தெளிக்கிற மிஸ்டிங் மோட்டார் வாங்கினாயானால் அந்தத் தண்ணீரை ஊற்றாதே, நாசில் சீக்கிரமே அடைத்துக்கொள்ளும், இலையெல்லாம் வெள்ளை பூத்துவிடும். ஆர்ஓ தண்ணீர் ஊற்று. விடியுமுன் ஒருமுறை, விளக்கு அணைந்தபின் ஒருமுறை அடித்தால் போதும். இராத்திரிதான் ஈரப்பதம் ஏற வேண்டும், 80 சதவீதம் வரை போனாலும் நல்லது. பகலில் 40, 50 இருந்து கூண்டு உலர்ந்துவிட வேண்டும். நாள் முழுக்க நசநசவென்று வைத்தால் சளி பிடித்து வாயைத் திறந்து மூச்சுவிடும், அது வேறு தலைவலி. கீழ்க்காற்று ஓயும்வரை கிழக்குப் பக்க வலையை பிளாஸ்டிக் ஷீட்டால் மூடு. எல்லாப் பக்கத்தையும் மூடிவிடாதே.

பனங்காட்டுக்காரன்

அக்கா, அண்ணா, இரண்டு பேருக்கும் நன்றி. வாளியை வைத்துத் துணி போட்டு மறைத்தேன். டியூப் சொட்டு விழ ஆரம்பித்துக் கொஞ்ச நேரம் கழித்து இலைக்கு வந்து குடித்தது. நிறுத்தவே இல்லை. இன்று விடியற்காலையில் பார்த்தால் உடம்பெல்லாம் மண். வாளியில் மண் பழையபடி மூடிக் கெட்டியாக இருந்தது. மெல்லத் தோண்டினேன், அடியில் முட்டைகள், முப்பதுக்கு மேல் இருக்கும். வயிறு ஒட்டிப்போய் தோல் மடிப்புமடிப்பாக இருக்கிறது. கண் இன்னும் முழுசாக மேலே வரவில்லை, ஆனால் திறந்திருக்கிறது.

இப்போது என்ன கொடுக்கலாம்? உடுமலைப் பக்கம் சொந்தக்காரர் ஒருவர் பட்டுப்புழு வளர்க்கிறார். அந்தப் புழு கொடுக்கலாமா?

பொள்ளாச்சி பச்சைக்கூண்டு

பட்டுப்புழு அருமையான தீனி. உடம்பு முழுக்க நீர், ஓடு கிடையாது, சீக்கிரம் செரிக்கும். ஆனால் புழுப் படுக்கையில் சுண்ணாம்பும் கிருமிநாசினிப் பொடியும் தூவுவார்கள். தூவுவதற்கு முன்னால் எடுத்துத் தரச் சொல். மருந்தடித்த மல்பெரி இலையா என்றும் கேட்டுக்கொள். வீட்டுக்குக் கொண்டுவந்து நல்ல இலை போட்டு ஓரிரு நாள் வைத்திருந்துவிட்டுக் கொடு. முதல் நாள் ஒன்றிரண்டு போதும். நாக்கு சரியாக வரும்வரை கிண்ணத்தில் வைத்தோ இடுக்கியில் பிடித்தோ நீட்டு.

டாக்டரக்கா (கால்நடை)

நல்ல சேதி. ஆனால் முழுக்க வைத்துவிட்டதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, ஒன்றிரண்டு உள்ளே தங்கிவிடுவது உண்டு. எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும். ரத்தத்தில் யூரிக் அமிலமும் பார்த்துவிட்டால் சிறுநீரகம் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியும். நீர் வற்றியது நீடித்தால் அந்த அமிலம் மூட்டில் படிந்து கவுட் என்கிற மூட்டு நோய் வரும், வந்தபின் சரிசெய்ய வழி குறைவு. அதனால்தான் முதலிலேயே மணிக்கட்டு வீக்கம் கேட்டேன்.

உனக்குத் திருச்சூர் மண்ணுத்தி கால்நடைக் கல்லூரி பக்கம். தமிழ்நாட்டுப் பக்கம் போனால் உடுமலைப்பேட்டைக் கால்நடைக் கல்லூரியும் இருக்கிறது. ஊர்வனம் பார்க்கிறவர் அன்றைக்கு இருப்பாரா என்று போன் செய்து கேட்டுவிட்டுப் போ. அந்த முட்டைகள் பொரியாது, எடுத்துப் போட்டுவிடு. இனி தீனியையும் சூட்டையும் கட்டுக்குள் வைத்தால் அடுத்த முறை முட்டை குறைவாக வரும். யூவிபி குழலையும் மாற்றிவிடு. வெளிச்சம் வந்தாலும் உள்ளே சக்தி போயிருக்கும்.

பனங்காட்டுக்காரன்

திங்கட்கிழமை மண்ணுத்திக்குப் போகிறேன் அக்கா. பஸ்ஸில்தான் போக வேண்டும். கூண்டோடு எடுத்துப்போகலாமா?

டாக்டரக்கா (கால்நடை)

கூண்டு வேண்டாம். அட்டைப்பெட்டியில் குறுக்கே ஒரு குச்சி செருகி, காற்றுக்கு ஓட்டை போட்டு, அதில் ஏற்று. இருட்டாக இருந்தால் மிரளாது. கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் நன்றாகக் குடிக்கவிடு. பெட்டிக்குள் ஈரத்துணி போடாதே. விடிகாலை பஸ்ஸைப் பிடி, மதிய வெயிலில் பாலக்காட்டு ஸ்டாண்டில் நின்றுகொண்டிருக்காதே. அன்றைக்கு எச்சம் போட்டால் ஒரு சிறு டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு போ, முதலில் அதைத்தான் கேட்பார்கள்.